நெற்றிப்பட்டம்

உடையான்செவலில் பட்டம் வாங்கின அத்தனை பேரும் ஆவணி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை காலை நெற்றியில் பொன்தகட்டோடு எழுந்தார்கள். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததும் அதே அளவுக்குப் பெரிய விஷயமாக இருந்ததால் யாரும் கூச்சல் போடவில்லை. முதலில் குடங்களை நிரப்பினார்கள், அண்டாக்களை நிரப்பினார்கள், மாட்டுத் தொட்டியை நிரப்பினார்கள், அதற்குப் பிறகுதான் ஒருத்தர் நெற்றியை ஒருத்தர் பார்த்தார்கள்.

பி.ஏ.வுக்கும் பி.காமுக்கும் ஒரு விரல் அகலம். எம்.ஏ.வுக்கும் எம்.எஸ்ஸிக்கும் இரண்டு விரல். தபால் வழியில் படித்தவர்களுக்கு ஈர்க்குச்சி மாதிரி மெல்லிசாக, இருந்தாலும் அதுவும் பொன்தான். தகட்டின் இரண்டு முனையிலும் துளை, துளையில் மஞ்சள் நூல், நூல் காதுக்கு மேலாக ஓடிப் பிடரியில் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு முனை இல்லை. தட்டான் உரைகல்லில் உரசிப் பார்த்து அசல் தங்கம் என்று சொல்லி உதட்டைச் சப்பிக்கொண்டார். அவருடைய வெட்டிரும்பு தகட்டுக்குள் தண்ணீரில் போவதுபோலப் போய்த் தண்ணீரில் இருந்து வருவதுபோல வந்தது. தகட்டில் கீறல்கூட இல்லை.

கொம்பையா வீட்டிலும் விடிந்தது அப்படித்தான். குடத்தை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்த மகள் முப்பிடாதியின் நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெயில் பட்டுத் தெறித்தது. அவள் கணக்கில் எம்.எஸ்ஸி. ஊரில் மற்ற தகப்பன்மார் எல்லாரும் எத்தனை கிராம் தேறும் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கொம்பையா மட்டும் மகளின் தலையைப் பிடித்துத் திருப்பி, பிடரி முடிச்சைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "இத ஆருட்டி கட்டினா?" என்று கேட்டார்.

கேட்காமல் என்ன செய்வார். அவர் மாட்டுத் தரகர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர். சாணி அள்ளப் போன சந்தையில் அடி வாங்கி, ஏமாந்து, ஏமாற்றி, கடைசியில் அந்தச் சந்தையே தன் தோளில் கிடக்கிற துண்டைப் பார்த்துத்தான் விலை பேசும் என்ற நிலைக்கு வந்தவர். உடையான்செவல் சந்தையில் வாயால் விலை பேசுகிற வழக்கம் கிடையாது. வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே துண்டு விழும், துண்டுக்குள்ளே விரல் விரலைப் பிடிக்கும், அமுக்கும், தட்டும், மறுக்கும். வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். துண்டுக்குள் பேசினது துண்டுக்குள்ளேயே செத்துப்போக வேண்டும். பெண்டாட்டிக்குச் சொல்லக்கூடாது, சாமிக்குச் சொல்லக்கூடாது. பேரம் படிந்து தலையாட்டியதும் வாங்கினவன் மாட்டின் நெற்றியில் ஒரு சிவப்புத் துணிப்பட்டையைக் கட்டுவான். கட்டிவிட்டால் அவ்வளவுதான். மாடு இன்னும் விற்றவன் தொழுவத்தில்தான் நிற்கும், விற்றவன் வைக்கோலைத்தான் தின்னும், விற்றவன் பிள்ளைகளைத்தான் நக்கிக் கொடுக்கும், ஆனால் அது அவன் மாடு இல்லை. கட்டினவன் என்றைக்கு வருகிறானோ அன்றைக்குக் கயிற்றைக் கையில் கொடுக்க வேண்டும்.

"ஆரும் கட்டல. தூங்கி எந்திரிச்சா இருக்கு" என்றாள் முப்பிடாதி.

"கட்டாம எப்படிட்டி முடிச்சு விழும்?"

"எனக்கென்ன தெரியும். இந்தக் கழுத்து வலிக்கு ஒரு வழி சொல்லுங்க, பொறவு விசாரணை பண்ணலாம்."

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புது மருமகளை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது; முதலில் நிறை குறை பார்த்தது, பிறகு வேலை வாங்கியது, பிறகு அது இல்லாத காலமே ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டது. பெண்கள் பொட்டைப் புருவத்துக்கு நடுவே இறக்கிக்கொண்டார்கள். பக்திமான்கள் தகட்டுக்கு மேலேயே திருநீறு பூசினார்கள். சலூன்காரர் தகட்டைச் சுற்றிக் கத்திவைக்கத் தனிக் கூலி கேட்டார். உச்சி வெயிலில் தகடு தோசைக்கல்லாகக் காய்ந்ததால் பட்டதாரிகள் ஈரத் துணியை மடித்து அடியில் செருகிக்கொண்டு அலைந்தார்கள். கல்யாணத் தரகர்கள் தையல்காரரின் அளவு நாடாவோடு வந்தார்கள். பிள்ளை பாதியில் படிப்பை விட்ட வீடுகளில் பாத்திரக்கடைக்காரரிடம் சொல்லிப் பித்தளையில் பட்டம் அடித்துக் கட்டிவிட்டார்கள், அது வேர்வையில் பச்சை பூத்து மூக்குவழியாக வழிந்தது. சுவரொட்டியில் தன் பேருக்குப் பின்னால் இரண்டு பட்டம் போட்டுக்கொண்டிருந்த கவுன்சிலர் பித்தமயக்கம் என்று சொல்லித் தலையோடு துண்டைச் சுற்றியவர், அதற்குப் பிறகு அடித்த சுவரொட்டிகளில் பேரை மட்டும் போட்டார். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்த யானை, எல்லார் தலையிலும் தும்பிக்கையை வைத்து ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டே வந்தது, பட்டதாரிகளின் வரிசை வந்ததும் நின்றுவிட்டது, ஒவ்வொரு நெற்றியாகத் தடவிப் பார்த்தது, தன் நெற்றிப்பட்டத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது, பிறகு முன்னால் கிடந்த தென்னமட்டையில் பாதியைப் பிய்த்து உறவுக்காரர்களுக்கு நீட்டுவதுபோல அவர்களுக்கு நீட்டியது. அந்த மட்டையை வாங்கவும் முடியாமல் வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் அவர்கள் நின்ற நிற்பைக் கொம்பையா தள்ளி நின்று பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கப்பழத்தின் டீக்கடையில்தான் முதல் சண்டை. வழக்கம்போல விடிகாலை மாட்டைப் பார்த்துவிட்டு வந்து பெஞ்சில் உட்காரப் போன கொம்பையாவைத் தங்கப்பழம் கையை நீட்டித் தடுத்தான்.

"அண்ணாச்சி, பெஞ்சு பட்டக்காரங்களுக்கு. நீங்க அன்னா அந்தக் கல்லுல இருங்க, டீ கைக்கு வந்துரும்."

"இந்த பெஞ்சுக்குப் பலகை ஆருலே குடுத்தது?"

"நீங்கதான். இல்லன்னு சொல்லல."

"அப்பம் ஒம் பட்டக்காரனுவள எந்திரிச்சுக் கல்லுல இருக்கச் சொல்லு. எம் பலகை எங் குண்டியத் தேடுது."

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. நடுநாயகமாகப் புலவர் உமையொருபாகம் உட்கார்ந்திருந்தார். காலேஜில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், மூன்று பட்டம், நெற்றியில் இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை ஓடு மாதிரி அடுக்கியிருந்தது, அந்தக் கனத்தில் அவர் எதைப் பேசினாலும் தரையைப் பார்த்தே பேச வேண்டியிருந்தது.

"வே கொம்பையா, சத்தம் போடாதயும்" என்றார் தரையைப் பார்த்து. "இது புதுசா வந்த சீர் இல்ல, பழைய சீர் வீடு திரும்பியிருக்கு. பட்டம்ங்கிற சொல்லுக்கு அர்த்தமே இதுதான். அந்தக் காலத்துல ராசா ஒருத்தனப் பெரியவன் ஆக்கணும்னா அவன் நெத்தியில ஒரு பட்டையக் கட்டுவாரு. மொதல்ல துணிப்பட்டை, பொறவு பொன்தகடு. படைத்தலைவனுக்குக் கட்டுவாரு, மந்திரிக்குக் கட்டுவாரு, பெரிய வியாபாரிக்குக்கூடக் கட்டுவாரு. பட்டம் கட்டினதுனாலதான் பட்டத்து ராணி. பட்டம் கட்டினதுனாலதான் பட்டத்து யானை. காலம் போச்சு, ராசா போனாரு, தகடு போச்சு, சொல்லு மட்டும் நின்னுபோச்சு. நின்ன சொல்லைக் காலேஜுக்காரன் எடுத்துக் காயிதத்துல ஒட்டிட்டான். இப்பம் சொல்லு தன் பழைய சட்டையத் தேடி எடுத்துப் போட்டிருக்கு, அம்புட்டுதான். பட்டதாரின்னா பட்டத்தைத் தரிச்சவன்."

"தரிச்சவனா, தரிக்கப்பட்டவனா?"

புலவர் நிமிரப் பார்த்தார், கனம் விடவில்லை.

"எங்க சந்தையில" என்றார் கொம்பையா, "எந்த மாடும் தானா நெத்தியில துணி கட்டிக்கிட்டு வந்ததில்ல ஓய். யானைக்குக் கட்டினா யானை ராசாவோடது. படைத்தலைவனுக்குக் கட்டினா, போய்ச் சாவுன்னு ராசா சொன்னதும் அவன் போய்ச் சாகணும். எல்லாத்துக்கும் சொந்தக்காரன் இருக்கான், ஒமக்கு மட்டும் நீரே சொந்தக்காரரா? ஆரு கட்டினான்னு ஒரு வார்த்தை கேட்டா, சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டு கெடக்கீரு. ராசாவுக்கு நெத்தியில ஆரு கட்டினா, அதச் சொல்லும்."

"குரு கட்டுவாரு."

"பாத்தீரா. அங்கனயும் ஒருத்தன் கயித்தப் புடிச்சிருக்கான்."

"படிக்காதவங்கிட்டப் பேசினா இதான்" என்றார் புலவர் தரையிடம்.

"படிச்சவரு கழுத்தத் தூக்கிப் பேசும், கேக்கேன்" என்றார் கொம்பையா. டீயைக் கல்லில் ஊற்றிவிட்டு, கிளாஸைத் தங்கப்பழத்தின் கையில் கொடுத்து, பெஞ்சின் ஓரத்துப் பலகையை ஆணியோடு நெம்பி எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் பக்கம் இருந்த எஞ்சினியர் ஒருத்தன் விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

வீட்டில் அடுத்த சண்டை. பலகையைத் தொழுவத்தில் சாத்திவிட்டு நிமிர்வதற்குள் முப்பிடாதி வாசலுக்கு வந்து நின்றாள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"டீக்கடையில என்னைய மாடுன்னு சொன்னியளாமே."

"ஒன்னையச் சொல்லல. மொத்தமாச் சொன்னேன்."

"மொத்தத்துல நானும் உண்டுல்லா. பெறந்ததுல இருந்து படிட்டி, படிட்டின்னு வெரட்டினது ஆரு? சைக்கிள் பார்ல உக்கார வச்சிப் பள்ளிக்கூடத்து வாசல்ல கொண்டு தட்டினது ஆரு? இப்பம் படிச்சதுக்கு ஒரு அடையாளம் வந்திருக்கு, அதுவும் ஒங்களுக்குப் பொறுக்கல."

"அடையாளம் இல்லட்டி அது. அச்சாரம்."

"ஓகோ. அப்பம் அன்னைக்குப் பட்டமளிப்பு விழாவுல ஒங்களுக்கு ஒரு பொன்னாடை போத்துனாவளே, எழுத்துத் தெரியாத தகப்பன் மகள எம்.எஸ்ஸி ஆக்கினாருன்னு மைக்குல சொன்னாவளே, அதப் பிளாஸ்டிக் கவர் பிரிக்காம அலமாரியில வச்சு வாரவுக போறவுககிட்ட எல்லாம் காட்டுதியளே, அது என்ன அச்சாரம்?"

பதில் இல்லாத இடத்தில் கொம்பையா எப்போதும் கோபப்படுவார், அன்றைக்கும் பட்டார். அந்தப் பொன்னாடை அவர் வாழ்க்கையிலேயே சந்தைக்கு வெளியில் கிடைத்த ஒரே மரியாதை. அதை அவர் எந்தச் சண்டையிலும் விட்டுக்கொடுக்க மாட்டார், மகளோடு என்றாலும் சரி.

ஐப்பசி அடைமழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்த ஒரு சந்தை நாளில் கட்டினவன் வந்தான்.

குதிரையில் வரவில்லை, பல்லக்கில் வரவில்லை. கழுகுமலை பஸ்ஸிலிருந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மழமழவென்று சவரம் பண்ணின முகம், கையில் ஒரு சுற்று வெள்ளை நூல்கயிறு. பஸ்ஸை விட்டு இறங்கி அவன் ஊரைப் பார்த்ததும் ஊரிலிருந்த தகடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மினுங்கின. தெருத்தெருவாக வந்தான். ஒவ்வொரு வீட்டிலும் மரியாதையாகக் கும்பிட்டான். பட்டதாரியின் பின்னால் போய் நின்று, ஊரே தேடிக் கிடைக்காத முடிச்சின் முனையைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் எடுத்தான், தன் கயிற்றோடு சேர்த்து முடிந்தான், அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

உடையான்செவல் சந்தோஷப்பட்டது. வேலை வந்துவிட்டது என்றார்கள். எத்தனை வருஷமாகப் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள், இப்போது வேலை வீடு தேடி வந்து கும்பிடுகிறது என்றார்கள். எங்கே என்று கேட்டதற்கு வெள்ளைச் சட்டைக்காரன் நல்ல இடம் என்றான், அதோடு அவர்களுக்குப் போதுமாக இருந்தது. தாய்மார்கள் பருப்புப்பொடி இடித்தார்கள், முறுக்கு சுட்டார்கள், ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியில் துணி சுற்றினார்கள், கயிற்றில் நின்ற பிள்ளைகளுக்கு அந்த நிற்பிலேயே தலை சீவிவிட்டார்கள். பிள்ளைகள் போனைப் பார்த்தபடி நகர்ந்தார்கள். புலவர் ஓய்வு பெற்றவர், அவரையும் அவன் விடவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "கௌரவப் பேராசிரியரா இருக்கும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வரிசையில் சேர்ந்தார். பித்தளைக்காரர்களைக் கட்டினவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்கள் வீடுகளில் அன்றைக்கு ஒப்பாரி.

முப்பிடாதி சந்தையில் இருந்தாள். அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தவள். கயிறு சந்தை வேம்படிக்கு வந்து சேர்ந்தபோது கொம்பையா தூக்குவாளியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மகளுக்கு முன்னால் நின்றார்.

"ஓய், கயித்தச் சுருட்டும்."

"ஐயா நல்லா இருக்கீங்களா" என்றான் வெள்ளைச் சட்டைக்காரன்.

"எனக்கென்ன. இது எம் மவ. இவ நெத்தியில கட்டினது நீருதானா?"

"நான்தான் ஐயா."

"ஆரைக் கேட்டுக் கட்டினீரு? இந்தச் சந்தையில நின்னுக்கிட்டுச் சொல்லுதேன் கேளும். கைபடாத பேரம் பேரமில்ல. எம் மவளுக்கு வெலை பேசி நான் எவன் துண்டுக்குள்ளயும் கை வைக்கல. கை வைக்காம கட்டினா அதுக்குப் பேரு களவு. இங்கன மாட்டுக் களவாணிய என்ன செய்வோம்னு வேணும்னா சுத்தி நிக்கவங்ககிட்டக் கேட்டுக்கிடும்."

சுற்றி நின்றவர்கள் மாட்டுக்கோல்களை மாற்றிப் பிடித்தார்கள். அந்த ஆள் பயப்படவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கை வச்சீங்க ஐயா. மறந்துட்டீங்க. பட்டமளிப்பு விழாவுல நான்தான் உங்களுக்குப் பொன்னாடை போத்தினேன். போத்தின கையோட உள்ள விட்டு உங்க கையப் பிடிச்சேன். நடுவிரலை அமுக்கினேன். நீங்க மூணு விரலைச் சேத்துப் பிடிச்சீங்க. நான் சுண்டுவிரலைத் தட்டினேன். நீங்க சிரிச்சீங்க, தலையாட்டினீங்க. போட்டோகூட எடுத்தாங்க."



கொம்பையாவுக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. பஞ்சுமாதிரி இருந்த கை. பெரிய மனுஷன் கை இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தார். பொன்னாடையின் சரிகை உள்ளங்கையில் குத்தியது, காமிரா வெளிச்சம் கண்ணில் அடித்தது, மைக்கில் அவர் பேரைச் சொன்னார்கள், ஆயிரம் பேர் கைதட்டினார்கள். துணிக்குள்ளே எவனோ ஒருத்தன் விரல் வந்து அமுக்கியபோது அவர் விரல்கள் பழக்கதோஷத்தில் தாமாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தன. என்ன விலை என்று அவர் கேட்கவில்லை. எதற்கு விலை என்றுகூடக் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டார். சந்தையில் மாடு விற்க வந்த எத்தனையோ சம்சாரிகளின் கவனத்தை மருமகள் பேச்சில் திருப்பிவிட்டு விரலை மடக்கியிருக்கிறார், அவர்கள் வீட்டுக்குப் போய் வயிற்றில் அடித்துக்கொண்டதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். இப்போது சந்தை மொத்தமும் அவரையே பார்த்தது. ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருத்தனையாவது அடித்திருக்கலாம்.

"பொன்னாடைக்குள்ள வித்துட்டு வந்திருக்கிய" என்றாள் முப்பிடாதி பின்னாலிருந்து. சத்தமே இல்லாத குரல்.

அவர் திரும்பவில்லை. பேரத்தை முறிக்க ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. சுழி. மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடம் ஆகாத இடமாக இருந்தால், துணி கட்டின பிறகும் வாங்கினவன் வேண்டாம் என்று கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல மாட்டுக்குக் கெட்ட சுழி சொல்லி விலையைக் குறைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"சரி, வித்தேன்" என்றார். "வித்ததுல ஒரு கொறை இருக்கு. தெரிஞ்சே மறைச்சு வித்தேன், இப்பம் சொல்லுதேன். இதுக்கு நடுமண்டையில ரெட்டச்சுழி ஓய். ஆகாது. வாய் அடங்காது. ரெண்டு எடத்துல வேலைக்குப் போச்சு, ரெண்டு மேனேஜரையும் கழுதைன்னு சொல்லிட்டு வந்துச்சு. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைகிட்ட ஒரு கணக்கக் குடுத்துப் போடுன்னுச்சு, அவன் வடையப் பாதியில வச்சிட்டு ஓடுனான். சொன்ன சொல் கேக்காது, தட்டின தட்டுக்குத் திரும்பாது, எந்த நொகத்துக்கும் கழுத்தக் குடுக்காது. பெத்த தாய் கடைசி மூச்சுல வாயத் தொறந்து தண்ணி கேட்டப்பக்கூட இது பரீச்சை ஹால்ல இருந்துச்சு. ஈரம் கெடையாது."

கடைசி வார்த்தை அவரை மீறி வந்துவிட்டது. அன்றைக்குப் பரீட்சைக்குப் போ, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சைக்கிளில் கொண்டுபோய் விட்டது அவர்தான். சந்தைக்கே அது தெரியும். கூட்டத்தில் ஒரு பொம்பிளை, "சீ" என்றாள்.

வெள்ளைச் சட்டைக்காரன் பொறுமையாகக் கேட்டு முடித்தான். "பரவாயில்ல ஐயா. முட்டுற மாட்டைப் பழக்க எங்ககிட்ட ஆள் இருக்கு."



"யப்பா, தள்ளுங்க" என்றாள் முப்பிடாதி. சாய்ந்த கழுத்தோடு முன்னால் வந்தாள், அவர் தோளில் கிடந்த துண்டை உருவினாள், அந்த ஆளின் கையைப் பிடித்தாள், மேலே துண்டைப் போட்டாள்.

அந்தச் சந்தை கூடத் தொடங்கின நாளிலிருந்து எந்தப் பொம்பிளை கையும் துண்டுக்குள் போனதில்லை. கொம்பையா அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. கேட்டிருந்தால் செவிட்டில் அறைந்திருப்பார். ஆனால் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு எதிரே என்ன தெரியும்? ஹேண்டில்பாரில் அப்பாவின் இரண்டு கை. அந்தக் கைகள் அன்றைய பேரத்தை அப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு வரும், இடதுகை கேட்கும், வலதுகை மறுக்கும், கட்டைவிரல் பயமுறுத்தும், சுண்டுவிரல் கெஞ்சும். வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே அவள் அதைப் படித்து முடித்திருந்தாள்.

துண்டு அசைந்தது. வெளியே அவள் மழையைப் பற்றிப் பேசினாள். இந்த வருஷம் உளுந்துக்குக் கேடு என்றாள். அவன் ஆமாங்க என்றான். துண்டு வெடுக்கென்று ஒரு பக்கம் இழுபட்டது. அவன் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. உங்க ஊர்ப்பக்கம் பருத்தி எப்படி என்றாள். அவன் பதில் சொல்லவில்லை. நெற்றியில் வேர்வை பூத்து மூக்கு நுனிக்கு வந்து நின்றது, கை மாட்டிக்கொண்டிருந்ததால் துடைக்க முடியவில்லை. துண்டுக்கு வெளியே நின்று பேரம் பார்ப்பது கொம்பையாவுக்குப் புதுசு. உள்ளே ஓடுகிற கணக்குத் தெரியாமல், முழங்கை அசைவை மட்டும் பார்த்துக்கொண்டு, அவர் தன் வேட்டியைக் கசக்கினார். ஒரு கட்டத்தில் அந்த ஆள் தலையைத் திருப்பி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தான். பல்லைப் பிடித்துப் பார்க்கிற பார்வை. பிறகு அவளைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

பிடரி முடிச்சு பூ உதிர்கிறதுபோல அவிழ்ந்தது. தகடு அவள் உள்ளங்கையில் விழுந்தது. நெற்றியில் வெயில் படாத வெளுப்பு இரண்டு விரல் அகலத்துக்கு, திருநீற்றுக் கோடு மாதிரி. கழுத்து நேராக நின்றது. அவள் தகட்டை ஒருமுறைகூடப் பார்க்காமல் அந்த ஆளிடம் கொடுத்தாள்.

கொம்பையாவுக்கு நெஞ்சு புடைத்தது. சந்தையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "பாத்துக்கிடுங்கலே, ஆரு மவன்னு" என்று அவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் அவர் நெற்றியில் ஜில்லென்று ஒன்று ஒட்டியது, காதுக்கு மேலே நூல் ஓடியது, பிடரியில் முடிச்சு விழுந்தது.

எழுத்துத் தெரியாத நெற்றியில் எம்.எஸ்ஸி பட்டம் வெயிலில் மினுங்கியது. கூட்டத்தில் நின்ற தங்கப்பழம் தன்னையறியாமல் ஒரு எட்டு தள்ளி நின்று இடம் விட்டான்.

வேறு யாராக இருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பார்கள். கொம்பையா, "ஏட்டி, எத்தனைக்கு?" என்று கேட்டார்.

"துண்டுக்குள்ள பேசினது வெளிய வராது. நீங்க சொல்லுததுதான."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியாட்டி?"

"என்னைய நீங்க கேட்டியளா?"

வெள்ளைச் சட்டைக்காரன் அவர் முடிச்சைக் கயிற்றில் சேர்த்தான். அவள் துண்டை உதறினாள், நீளவாக்கில் மடித்தாள், அப்பாவின் தோளில் அது எப்போதும் கிடக்கிற இடத்தில் போட்டாள், நுனியைப் பிடித்து ஒருமுறை இழுத்துச் சரிபண்ணினாள்.

"இத மட்டும் எவனும் எடுக்கக்கூடாதுன்னு பேசியிருக்கு" என்றாள். "போயிட்டு வாங்க. மாட்டுக்குத் தண்ணி நான் காட்டிக்கிடுதேன்."

கயிறு நகர்ந்தது. பஸ்ஸில் போகிற வழியாக இல்லாமல், கண்மாய்க்கரை ஏறிப் பனங்காட்டுப் பக்கமாக நகர்ந்தது. முறுக்கு டப்பாக்களும் ஊறுகாய்ப் பாட்டில்களும் முன்னால் போக, கொம்பையா கடைசியில் போனார். கரை நெடுக மகளை ஏசினார். பெற்ற தகப்பனை விற்றவள், கணக்குப் படித்த கொள்ளிக்கட்டை, இவள் விளங்குவாளா என்று ஏசினார். பனைகளை ஏசினார். தகடு சூடேறி நெற்றியைச் சுட்டபோது அதைச் செய்தவனை, கட்டினவனை, அதற்குப் பேர் வைத்தவனை ஏசினார். கயிற்றை ஒரு கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்த வெள்ளைச் சட்டைக்காரன் அடிக்கடி தன் விரல்களை மடக்கி நீட்டி ஊதிக்கொண்டான்.

வியர்வையைத் துடைக்கத் துண்டை எடுத்தபோதுதான் கொம்பையாவின் கை நின்றது.

துண்டைப் பார்த்தார். மாட்டை விற்கிறவன் மாட்டோடு மணியைக் கொடுப்பான், மூக்கணாங்கயிற்றைக் கொடுப்பான். தரகனுடைய துண்டை எவனாவது மாட்டின் முதுகில் போட்டு அனுப்புவானா? அதையும் பேரத்தில் ஒரு அயிட்டமாக வைத்து, அந்தப் பயல் மூக்கில் வேர்வை நிற்கப் பேசி வாங்கியிருக்கிறாள் கழுதை.

தலையைத் தூக்கி முன்னால் போகிற வரிசையைப் பார்த்தார். சந்தைக்குள் நுழையும்போது பார்க்கிற பார்வை. எஞ்சினியருக்கு முன்னங்கால் வளைவு. தபால் வழியில் படித்த பிள்ளைக்கு நடையில் மிரட்சி. எல்லாருக்கும் முன்னால் தரையைப் பார்த்தபடி போகிற புலவருக்குப் பிடரி நரைமுடியில் அழகாக, வட்டமாக, ஒரு சுழி.

கொம்பையா வரிசையை விட்டு விலகி இரண்டு எட்டு வைத்தார், வெள்ளைச் சட்டைக்காரனின் கையைப் பிடித்தார், மேலே துண்டைப் போட்டார். அந்த ஆள் கையை உருவப் பார்த்தான். சாணி அள்ளிக் காய்த்த கை, விடவில்லை.

"அவசரம் இல்ல ஓய், ஒவ்வொண்ணாப் பேசுவோம்" என்றார். "மொதல்ல அந்த வாத்தியாரு. நான் சொல்லுதேன் கேளும், அது ஆகாத மாடு."